சொரியாசிஸ் இருப்பவர்களுக்கு மூட்டு வலியா? அந்த முதல் 6 மாதம் ஏன் ரொம்ப முக்கியம்?

2010 ஜூன் மாதம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்தில் உள்ள பெபிள் பீச்சில் யுஎஸ் ஓபன் கோல்ஃப் போட்டி தொடங்க சில நாள்களே இருந்தன. அந்த நாட்டின் முன்னணி வீரர் ஃபில் மிக்கல்சன் ஒருநாள் காலையில் கண் விழித்தார். எழுந்து நடக்க முடியவில்லை. மூட்டுகளிலும் தசைநாண்களிலும் கடும் வலி.

அப்போது அவருக்கு ஏறக்குறைய 40 வயது. உடற்பயிற்சி, பயிற்சியாளர், மருத்துவர் என எல்லா வசதியும் உள்ள விளையாட்டு வீரர். பரிசோதனைகளுக்குப் பிறகு தெரியவந்த நோயின் பெயர் சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ். அதாவது, சொரியாசிஸ் என்ற தோல் நோயோடு தொடர்புடைய மூட்டுவாதம். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் இதை அவர் வெளிப்படையாக அறிவித்தார்.

அதோடு அவரது ஆட்டம் முடிந்துவிடவில்லை. சிகிச்சை எடுத்துக்கொண்டே விளையாடி, 2013-ல் ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் ஓபன் சாம்பியன்ஷிப்பை வென்றார். 2021-ல், 50 வயதில், பிஜிஏ சாம்பியன்ஷிப்பையும் வென்று, பெரிய கோல்ஃப் பட்டத்தை வென்ற மிக வயதான வீரர் என்ற சாதனையைப் படைத்தார்.

நோய் சீக்கிரம் கண்டுபிடிக்கப்பட்டு, சரியான மருந்து கிடைத்தால் வாழ்க்கை வழக்கம்போல ஓடும் என்பதற்கு இது ஓர் உதாரணம். சிக்கல் என்னவென்றால், பலருக்கும் அந்த 'சீக்கிரம்' நடப்பதில்லை.

மூன்று கிளினிக், ஒரே நோய்

ஒரு சூழலை யோசித்துப் பாருங்கள். 38 வயதுக்காரர் ஒருவருக்குப் பல ஆண்டுகளாகத் தலையில் செதில் செதிலாக உதிர்கிறது. "பொடுகுதான்" என்று ஷாம்பூ மாற்றிக்கொண்டே இருக்கிறார். கால் விரல் நகங்கள் தடித்து நிறம் மாறியிருக்கின்றன. "நகச்சொத்தை" என்று மெடிக்கல் ஷாப்பில் களிம்பு வாங்கித் தடவுகிறார். காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் குதிகாலைத் தரையில் வைக்க முடியவில்லை. எலும்பு மருத்துவரிடம் போய், மெத்தென்ற செருப்பும் வலி மாத்திரையும் வாங்கி வருகிறார்.

தலைக்கு ஒரு இடம், நகத்துக்கு ஒரு இடம், குதிகாலுக்கு ஒரு இடம். மூன்றும் ஒரே நோயின் அடையாளங்களாக இருக்கலாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் தோல் மருத்துவரிடம் குதிகால் வலியைப் பற்றிப் பேசவில்லை. எலும்பு மருத்துவரிடம் தலைச் செதிலைப் பற்றிப் பேசவில்லை. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றுதானே யாருக்கும் தோன்றும்?

சம்பந்தம் இருக்கிறது. இந்த நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, அந்தச் சம்பந்தம் நோயாளிக்குத் தெரியாமல் இருப்பதுதான்.

சொரியாசிஸ் என்றால் என்ன?

தோலின் மேல் அடுக்கு செல்கள் வழக்கமாக ஏறக்குறைய ஒரு மாதத்தில் பழையன கழிந்து புதியன வரும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு இந்த வேலை சில நாள்களிலேயே நடந்துவிடுகிறது. உதிர வேண்டிய செல்கள் உதிராமல் குவிந்து, தடித்த திட்டுகளாகவும் வெள்ளி நிறச் செதில்களாகவும் தெரிகின்றன. முழங்கை, முழங்கால், தலை, முதுகின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் அதிகம் வரும். சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள்.

இது தொற்றுநோய் இல்லை. தொட்டால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது, ஒரே சோப்பு போட்டாலும் பரவாது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் வழிதவறிச் செயல்படுவதால் வரும் அழற்சி நோய் இது.

உலகம் முழுவதும் குறைந்தது 10 கோடிப் பேருக்கு சொரியாசிஸ் இருப்பதாக உலக சுகாதார அமைப்பின் 2016-ம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 29 உலக சொரியாசிஸ் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

தோல் நோய்க்கும் மூட்டுக்கும் என்ன தொடர்பு?

சொரியாசிஸ் தோலில் தெரிகிறது. ஆனால் அதன் வேர் நோய் எதிர்ப்பு மண்டலத்தில் இருக்கிறது. டிஎன்எஃப், ஐஎல்-17, ஐஎல்-23 எனப்படும் சில புரதங்கள், 'அழற்சியை உண்டாக்கு' என்று உடலுக்குச் செய்தி அனுப்பும் தூதர்கள் போன்றவை. சொரியாசிஸ் உள்ளவர்களிடம் இந்தத் தூதர்கள் தேவையில்லாமல் ஓயாது வேலை செய்கின்றன.

அந்தச் செய்தி தோலுக்குப் போனால் திட்டுகள் வருகின்றன. மூட்டுக்கும், தசைநாண் எலும்போடு ஒட்டும் இடத்துக்கும் போனால் வீக்கமும் வலியும் வருகின்றன. அங்கே அழற்சி நீண்ட நாள் நீடித்தால் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படும். சில இடங்களில் தேவையில்லாமல் புது எலும்பும் வளரும்.

இந்தத் தொடர்பு இன்று நேற்று கவனிக்கப்பட்டதல்ல. பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ழான் லூயி அலிபெர் 1818-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆனாலும் நெடுங்காலம், "முடக்குவாதம் உள்ளவருக்குத் தற்செயலாகத் தோல் நோயும் இருக்கிறது" என்றே பலர் நினைத்தார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த மருத்துவர் வெர்னா ரைட் போன்றோரின் ஆய்வுகளுக்குப் பிறகு, 1964-ல்தான் அமெரிக்க மூட்டுவாதச் சங்கம் இதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது.

யாருக்கெல்லாம் வரலாம்?

சொரியாசிஸ் உள்ள எல்லோருக்கும் மூட்டுவாதம் வராது. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், 5 பேரில் ஒருவருக்கு வருகிறது. சில ஆய்வுகளில் இது 30% வரை போகிறது. ஆண், பெண் இருவருக்கும் ஏறத்தாழ சம அளவில் வரும். 30 முதல் 50 வயதுக்குள் தொடங்குவதே அதிகம். அதாவது, வேலை, குழந்தைகள், கடன், வீடு என்று ஓடிக்கொண்டிருக்கும் வயதில்.

பெரும்பாலானோருக்கு முதலில் தோல் நோய் வரும். சராசரியாகப் பத்தாண்டு வாக்கில் மூட்டுப் பிரச்னை தொடங்கும். சிலருக்கு இரண்டும் ஒன்றாகவே வரும். இன்னும் சிலருக்கு மூட்டு வலி முதலில் வந்து, தோல் திட்டுகள் பிறகு வரும். ரத்த உறவில் யாருக்காவது சொரியாசிஸ் இருந்தால் அந்தத் தகவலும் மருத்துவருக்கு உதவும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். "எனக்குத் தோல்ல கொஞ்சூண்டுதான் இருக்கு, மூட்டுக்கெல்லாம் வராது" என்று நினைப்பது தவறு. தோலில் எவ்வளவு இருக்கிறது என்பதும் மூட்டு எவ்வளவு பாதிக்கப்படும் என்பதும் ஒன்றோடொன்று கணக்கு வைத்துப் போவதில்லை. உள்ளங்கை அளவு திட்டு உள்ளவருக்கும் கடுமையான மூட்டுவாதம் வரலாம்.

திட்டு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தலை, நகம், பிட்ட இடுக்கு ஆகிய இடங்களில் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மூட்டுவாத வாய்ப்பு கூடுதலாக இருந்தது. மூன்றுமே பொதுவாக அலட்சியப்படுத்தப்படும், அல்லது வெட்கப்பட்டு மறைக்கப்படும் இடங்கள்.

என்னென்ன அறிகுறிகள்?

காலை நேர விறைப்பு: தூங்கி எழுந்ததும் கை, கால் 'பிடித்துக்கொண்டது' போல இருக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். நடக்க நடக்க, வேலை செய்யச் செய்யக் குறையும். தேய்மானத்தால் வரும் வலி இதற்கு நேர்மாறானது. அது வேலை செய்தால் கூடும், ஓய்வெடுத்தால் குறையும்.

விரல் முழுவதும் வீங்குவது: ஒரு மூட்டு மட்டுமல்ல, அடி முதல் நுனி வரை ஒரே சீராக வீங்கும். மோதிரம் கழற்ற முடியாது, ஒரு கால் விரல் மட்டும் செருப்பில் நுழையாது. மருத்துவர்கள் இதை 'சாசேஜ் விரல்' என்கிறார்கள். இந்த நோயின் மிக முக்கியமான அடையாளங்களில் ஒன்று இது.

நக மாற்றங்கள்: ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள், நகம் சதையை விட்டுத் தூக்கிக்கொள்வது, எண்ணெய் பட்டது போன்ற மஞ்சள் கறை, தடித்துப்போவது. இந்த மூட்டுவாதம் உள்ளவர்களில் 10-ல் சுமார் 8 பேருக்கு நகப் பாதிப்பு இருக்கிறது. நகத்தின் வேரும் விரல் நுனி மூட்டின் தசைநாணும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருப்பதே இதற்குக் காரணம்.

குதிகால் வலி: பின்னங்காலில் குதிகாலோடு தசைநாண் சேரும் இடத்திலோ, உள்ளங்காலின் அடியிலோ வலி. அடிபடாமல், அதிகம் நடக்காமல் வரும் வலி என்றால் இன்னும் கவனம் தேவை.

முதுகு, இடுப்பு வலி: இளம் வயதில் மெல்ல மெல்லத் தொடங்கும். பின்னிரவில் தூக்கத்தைக் கெடுக்கும். படுத்திருந்தால் கூடும், எழுந்து நடமாடினால் குறையும்.

கண் சிவப்பு: வலியோடு கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினால் அது சாதாரண 'மெட்ராஸ் ஐ' ஆக இல்லாமல் இருக்கலாம். கண்ணின் உள்பகுதியில் அழற்சி வந்திருக்கலாம். உடனே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இவற்றோடு காரணமில்லாத கடும் சோர்வும் பலருக்கு இருக்கும். அது சோம்பேறித்தனம் இல்லை, அழற்சியின் விளைவு.

வீட்டிலேயே கேட்டுப் பார்க்க 5 கேள்விகள்

சொரியாசிஸ் உள்ளவர்களிடம் மூட்டுவாதம் தொடங்குகிறதா என்று பார்க்க, பிரிட்டனில் உருவாக்கப்பட்ட எளிய கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. மருத்துவ உலகில் அதற்கு 'பெஸ்ட்' என்று பெயர். கேள்விகள் இவைதான்:

1. எப்போதாவது மூட்டு வீங்கியிருக்கிறதா?

2. உங்களுக்கு மூட்டுவாதம் இருப்பதாக எந்த மருத்துவராவது சொல்லியிருக்கிறாரா?

3. கை அல்லது கால் விரல் நகங்களில் குழிகள் இருக்கின்றனவா?

4. குதிகாலில் வலி வந்திருக்கிறதா?

5. காரணம் தெரியாமல் ஒரு விரல் முழுவதும் வீங்கி வலித்திருக்கிறதா?

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கேள்விகளுக்கு 'ஆமாம்' என்றால் மூட்டுவாத நிபுணரைப் பார்க்க வேண்டும். ஆனால் இது நோயைக் கண்டறியும் டெஸ்ட் அல்ல, எச்சரிக்கை மணி மட்டுமே. 'ஆமாம்' இரண்டுதான் வந்தது என்பதற்காக, தொடர்ந்து இருக்கும் வலியை விட்டுவிடவும் கூடாது. சொரியாசிஸ் உள்ளவர்களிடம் ஆண்டுக்கு ஒருமுறையாவது மூட்டுகளைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன.

"ரத்த டெஸ்ட் நார்மல்னு வந்துடுச்சே!"

பலரும் ஏமாறும் இடம் இதுதான். மூட்டு வலி என்றதும் பொதுவாக எடுக்கப்படுவது 'ஆர்ஏ ஃபேக்டர்' என்ற ரத்தப் பரிசோதனை. அது முடக்குவாதத்துக்கானது. சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ் உள்ள பெரும்பாலானோருக்கு அது 'நெகட்டிவ்' என்றே வரும். "வாதம் எதுவும் இல்லை" என்று அந்த ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தால், நோய் உள்ளே வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி பரிசோதனைகளும் சிலருக்கு நார்மலாக இருக்கும். தொடக்கக் காலத்தில் எக்ஸ்-ரேயிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். இந்த நோயை உறுதி செய்ய ஒற்றை டெஸ்ட் என்று எதுவும் கிடையாது.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? 2006-ல் வெளியான 'காஸ்பர்' என்ற அளவுகோலை மருத்துவர்கள் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள். மூட்டிலோ முதுகெலும்பிலோ தசைநாண் ஒட்டும் இடத்திலோ அழற்சி இருக்கும் ஒருவருக்கு, இப்போது சொரியாசிஸ் இருந்தால் 2 மதிப்பெண். நகப் பாதிப்பு, விரல் முழு வீக்கம், ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ், எக்ஸ்-ரேயில் மூட்டருகே புது எலும்பு வளர்ச்சி ஆகியவற்றுக்குத் தலா 1. இப்போது சொரியாசிஸ் இல்லை, முன்பு இருந்தது அல்லது குடும்பத்தில் இருக்கிறது என்றால் அதற்கு 1. மொத்தம் 3 வந்தால் இந்த நோயாக இருக்க வாய்ப்பு மிக அதிகம்.

கவனித்தீர்களா? இந்தக் கணக்கில் நெகட்டிவ் ரிப்போர்ட்டும் ஒரு தடயம்தான். தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்டு, எம்ஆர்ஐ ஸ்கேன்களும் எடுக்கப்படும்.

வேறு எந்த நோய்களோடு குழப்பம் வரும்?

முடக்குவாதம்: பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி மூட்டுகளைத் தாக்கும், விரல் நுனி மூட்டுகளை விட்டுவைக்கும். சொரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ் பலருக்கு ஒரு பக்கம் ஒரு மூட்டு, மறுபக்கம் வேறொரு மூட்டு என்று வரும். நகத்தை ஒட்டிய நுனி மூட்டையும் பிடிக்கும்.

கவுட்: யூரிக் அமிலம் படிந்து, திடீரென, பெரும்பாலும் கால் பெருவிரலில் வரும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பது சகஜம் என்பதால், அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து 'கவுட்' என்று முடிவு செய்துவிடும் ஆபத்து உண்டு.

சிக்குன்குனியா: காய்ச்சலோடு தொடங்கும் மூட்டு வலி, சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். காய்ச்சல் எதுவுமே வராமல் தொடங்கிய வலிக்கு, "போன வருஷம் வந்த சிக்குன்குனியாவோட மிச்சம்" என்று பழி போட்டுவிட முடியாது.

அது என்ன '6 மாதம்'?

அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் நடந்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. நீண்ட காலமாக இந்த நோயோடு வாழ்ந்த 283 பேரை ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். அறிகுறி தொடங்கி 6 மாதத்துக்குள் மூட்டுவாத நிபுணரைப் பார்த்தவர்கள் ஒரு பக்கம், அதற்குப் பிறகு பார்த்தவர்கள் மறுபக்கம் என்று ஒப்பிட்டார்கள்.

தாமதமாகப் போனவர்களிடம் எலும்பு அரிப்பு அதிகம். அன்றாட வேலைகளைச் செய்யும் திறனும் குறைவு. நோய் ஒன்றுதான், மருந்துகளும் ஒன்றுதான். தொடக்கத்தில் கைவிட்டுப்போன சில மாதங்கள், பல ஆண்டுகள் கழித்தும் வித்தியாசத்தைக் காட்டின.

அழற்சியை மருந்தால் அடக்கலாம். அரிக்கப்பட்ட எலும்பை மருந்தால் பழையபடி ஆக்க முடியாது. '6 மாதம்' முக்கியமாவது இதனால்தான். சட்டைப் பொத்தான் போடுவது, சாதம் பிசைவது, கோலம் போடுவது, டூவீலர் பிரேக் பிடிப்பது எல்லாம் விரல் மூட்டுகளை நம்பி இருக்கும் வேலைகள். கையால் உழைத்துச் சம்பாதிப்பவருக்கு விரல் போனால் வருமானமும் போகும்.

அதற்காக 6 மாதம் தாண்டியவர்கள் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. எப்போது சிகிச்சை தொடங்கினாலும், அதற்கு மேல் நடக்கக்கூடிய சேதத்தைக் குறைக்க முடியும்.

என்ன சிகிச்சை இருக்கிறது?

இந்த நோயை வேரோடு அகற்றும் மருந்து இன்னும் இல்லை. கட்டுக்குள் வைக்கும் மருந்துகள் நிறைய உள்ளன. யாருக்கு எது என்பதை மூட்டு, தோல், நகம், முதுகெலும்பு எல்லாவற்றையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

வலி நிவாரணிகள்: லேசான பாதிப்புக்கும் தற்காலிக நிம்மதிக்கும் உதவும். மூட்டு அரிப்பைத் தடுக்காது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகமும் வயிறும் பாதிக்கும்.

நோயின் போக்கை மாற்றும் மாத்திரைகள்: மெத்தோட்ரெக்சேட், சல்ஃபாசலசின், லெஃப்ளுனோமைடு போன்றவை. மெத்தோட்ரெக்சேட் தோலுக்கும் மூட்டுக்கும் சேர்த்துப் பயன்படும். இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஓர் எச்சரிக்கை உண்டு: இதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். தெரியாமல் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கூடவே ஃபோலிக் அமில மாத்திரை, குறிப்பிட்ட இடைவெளியில் கல்லீரல், ரத்த அணுப் பரிசோதனைகள் தேவை. மதுவைத் தவிர்க்க வேண்டும்.

பயாலஜிக் ஊசிகள்: டிஎன்எஃப், ஐஎல்-17, ஐஎல்-23 ஆகிய 'தூதர்களை' நேரடியாகத் தடுப்பவை. அமெரிக்காவில் 2002-ல் இந்த நோய்க்கு அனுமதி பெற்ற எடனெர்செப்ட்தான் முன்னோடி. அதற்குப் பிறகு அடாலிமுமாப், செகுகினுமாப் எனப் பல வந்துவிட்டன. விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் 2014 இறுதியில் இந்திய நிறுவனமான சைடஸ் கெடிலா அடாலிமுமாபின் முதல் நிகர் மருந்தை அறிமுகப்படுத்திய பிறகு, இந்தியாவில் விலை குறைந்த மாற்றுகள் வரத் தொடங்கின.

இந்த ஊசிகளுக்கு முன்பு காசநோய்ப் பரிசோதனை அவசியம். உடலில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமி, குறிப்பாக டிஎன்எஃப் தடுப்பு மருந்துகளால் விழித்துக்கொள்ளலாம். இந்தியா போல காசநோய் அதிகமுள்ள நாட்டில் இதைத் தவிர்க்கவே கூடாது.

புது வகை மாத்திரைகள்: டோஃபாசிடினிப், உபாடாசிடினிப், அப்ரெமிலாஸ்ட் போன்றவை. இவற்றில் முதல் இரண்டையும் தொடங்கும் முன் காசநோய், மற்ற தொற்றுகள், இதய நோய், ரத்தம் உறையும் ஆபத்து ஆகியவற்றை மருத்துவர் பரிசீலிப்பார்.

மருந்து எவ்வளவு முக்கியமோ, தொடர் கவனிப்பும் அவ்வளவு முக்கியம். பிரிட்டனில் 206 நோயாளிகளிடம் நடந்த 'டிகோபா' ஆய்வில், 4 வாரத்துக்கு ஒருமுறை பரிசோதித்து மருந்தை மாற்றியமைத்தவர்களுக்கு, வழக்கமான இடைவெளியில் பார்க்கப்பட்டவர்களைவிட நல்ல முன்னேற்றம் இருந்தது.

எதைச் செய்யவே கூடாது?

"ஒரே ஊசியில வலி போயிடும்", "இந்தப் பொடியைச் சாப்பிட்டா மூணு நாள்ல பறந்து போயிடும்" என்பவற்றை நம்பக் கூடாது. உடனடி நிவாரணம் தரும் பெயரில்லாத பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. சொரியாசிஸ் உள்ளவர்கள் ஸ்டீராய்டு மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால், உடல் முழுக்கச் சீழ்க் கொப்புளங்களோடு தோல் நோய் மோசமாகத் திரும்பலாம்.

முடக்குவாதத்துக்குத் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை, சிலருக்கு சொரியாசிஸைக் கூட்டிவிடும். மூட்டு வலிக்கு யாரிடம் போனாலும், "எனக்கு சொரியாசிஸ் இருக்கு டாக்டர்" என்று முதல் வரியிலேயே சொல்ல வேண்டியது இதனால்தான்.

வலி குறைந்துவிட்டது என்பதற்காக மருந்தைத் தானாக நிறுத்தவும் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுவோர் அதைப் பல மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மெத்தோட்ரெக்சேட், லெஃப்ளுனோமைடு இரண்டும் கருவைப் பாதிக்கும். கர்ப்பக் காலத்தில் பயன்படுத்தக்கூடிய மாற்று மருந்துகள் இருக்கின்றன.

நோயாளியின் கையில் என்ன இருக்கிறது?

எடை: கூடுதல் எடை மூட்டுக்குப் பாரம் மட்டுமல்ல, கொழுப்புத் திசுவே அழற்சியைத் தூண்டும். உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைத்தவர்களுக்கு மருந்து இன்னும் நன்றாக வேலை செய்ததாக 2014-ல் வெளியான இத்தாலிய ஆய்வு காட்டியது. 80 கிலோ உள்ளவருக்கு அது 4 கிலோதான்.

உடற்பயிற்சி: "வலிக்குது, அசையாம இரு" என்பது பழைய அறிவுரை. நடை, நீச்சல், சைக்கிள், மூட்டுகளை மெல்ல நீட்டி மடக்கும் பயிற்சிகள் உதவும். மூட்டு கடுமையாக வீங்கியிருக்கும் நாள்களில் மட்டும் அதற்கு ஓய்வு தரலாம்.

புகை, மது: இரண்டும் தோல் நோயைத் தூண்டுபவை, சிகிச்சைக்கும் எதிரி.

உணவு: "கத்தரிக்காய் சாப்பிடாதே, மீனைத் தொடாதே" என்று நீளும் பத்தியப் பட்டியலுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. காய்கறி, பருப்பு, மீன் கலந்த சமச்சீர் உணவும், சர்க்கரை, எண்ணெய்ப் பலகாரங்களில் கட்டுப்பாடும் போதும்.

இதயம், சர்க்கரை: சொரியாசிஸும் இந்த மூட்டுவாதமும் உள்ளவர்களுக்கு நீரிழிவு, ரத்த அழுத்தம், மாரடைப்பு வாய்ப்பு கூடுதல். ஆண்டுதோறும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மனம்: வலியும், தோலைப் பார்த்து ஒதுங்கும் பார்வைகளும் சேர்ந்து மன அழுத்தத்தில் தள்ளலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லலாம். அதற்கும் சிகிச்சை உண்டு.

எந்த மருத்துவரைப் பார்ப்பது?

மூட்டுவாத நோய்களுக்கென ருமட்டாலஜிஸ்ட் என்ற தனி நிபுணர்கள் இருக்கிறார்கள். எலும்பு முறிவு, தேய்மானம் பார்க்கும் எலும்பு மருத்துவர் வேறு, இவர்கள் வேறு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறையே இயங்குகிறது. இந்த நிபுணர் அருகில் இல்லாத ஊர்களில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிலோ பொது மருத்துவப் பிரிவிலோ முதலில் காட்டலாம். அங்கிருந்து வழிகாட்டுவார்கள்.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: பழைய ரிப்போர்ட்டுகள், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் சீட்டு, வீக்கம் இருந்த நாளில் மொபைலில் எடுத்த விரல், கால் படங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் வீக்கம் வடிந்திருக்கலாம். படம் இருந்தால் அவருக்கு உதவும்.

தோல் மருத்துவரிடம் மூட்டைப் பற்றியும், மூட்டு மருத்துவரிடம் தோலைப் பற்றியும் பேச வேண்டும். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். தலையில் செதில், நகத்தில் குழி, காலையில் விறைப்பு என்று மூன்றையும் ஒரே மருத்துவரிடம், ஒரே மூச்சில் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடப் பேச்சு, விரல்களைக் காப்பாற்றிக் கொடுக்கலாம்.